ஈரத்தைப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது: குப்பை பற்றி வாசகர் கேள்வி பதில்

கோடை வந்தால் நம் ஊர்க் குப்பைக் கிடங்குகள் ஏன் தீப்பிடிக்கின்றன என்று போன இதழில் எழுதியிருந்தேன். 2022 ஏப்ரலில் சென்னை பெருங்குடி, 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரம், 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் என்று வரிசையாகச் சொல்லி, மலைபோலக் குவித்த ஈரக் குப்பை உள்ளுக்குள் காற்றில்லாமல் அழுகி மீத்தேன் வாயுவை விடுவதுதான் அந்தத் தீக்குத் தீனி என்று விளக்கியிருந்தேன். அதற்கு வந்தவற்றில் பாதி கோபக் கடிதங்கள். கோபம் நியாயமானதுதான். அதிகம் பேர் கேட்டதை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: பல வருடமாக மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்து இரண்டு வாளியில் வைக்கிறேன். வண்டிக்காரர் இரண்டையும் வாங்கி என் கண் முன்னாலேயே ஒன்றாகக் கொட்டுகிறார். கேட்டால் "ஒரே வண்டிதான்மா கொடுத்திருக்காங்க" என்கிறார். இனி நான் எதற்குப் பிரிக்க வேண்டும்? (மதுரை வாசகி)

பிரிப்பதை நிறுத்திவிடாதீர்கள் அம்மா. அந்தத் தொழிலாளி மேலும் கோபப்படாதீர்கள், அவர் சொன்னது உண்மை. அவரிடம் இருப்பது ஒரு தள்ளுவண்டி அல்லது ஒரு பேட்டரி வண்டி, போக வேண்டிய வீடுகளோ சில நூறு, வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். வண்டியில் தனித்தனி டிரம் வைத்திருந்தாலும் ஈரக் குப்பை டிரம் முதல் சில தெருக்களிலேயே நிரம்பிவிடும், ஏனென்றால் நம் வீடுகளில் சேரும் குப்பையில் எடைப்படி பார்த்தால் ஏறக்குறைய பாதி சமையலறைக் கழிவு. அந்த டிரம்மை இறக்கி வைக்கப் பக்கத்தில் ஓர் இடம் இல்லையென்றால் அவர் என்ன செய்வார்? எதில் இடம் இருக்கிறதோ அதில்தான் கொட்டுவார்.

அதனால் கேள்வியை வண்டியிடம் கேட்காமல், வண்டி போய்ச் சேரும் இடத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். உங்கள் வார்டின் ஈரக் குப்பை எங்கே போகிறது? தமிழ்நாட்டு நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் நுண் உர மையங்கள் கட்டியிருக்கிறார்கள், செங்கல்லுக்கு நடுவே இடைவெளி விட்டுக் கட்டிய தொட்டிகளோடு ஒரு கொட்டகை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் உங்கள் பகுதிக் குப்பை தினமும் எவ்வளவு உள்ளே போகிறது, மாதம் எவ்வளவு உரம் வெளியே வருகிறது, இந்த இரண்டு எண்களை மட்டும் துப்புரவு ஆய்வாளரிடமும் கவுன்சிலரிடமும் கேளுங்கள். வாயால் கேட்டுப் பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 2022-ல் இருந்து நகர்ப்புறங்களில் பகுதி சபைக் கூட்டம் நடத்துகிறார்கள், அங்கே எழுந்து நின்று கேட்டால் இன்னும் நல்லது, நாலு பேர் காதில் விழும்.

இதற்கு அடியில் ஒரு பணக் கணக்கும் ஓடுகிறது, அதைப் பேசாமல் இந்தச் சிக்கல் புரியாது. குப்பை அள்ளுவதைத் தனியாருக்குக் கொடுக்கும் பழக்கம் சென்னையில் 2000-ல் தொடங்கியது. இந்த மாதிரி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் எடைக் கணக்கில்தான் போடப்பட்டன. லாரி எடைமேடையில் ஏறும்போது எத்தனை டன்னோ அத்தனைக்குக் காசு. யோசித்துப் பாருங்கள், எடைக்குக் காசு என்றால் தண்ணீர் சொட்டும் குப்பை லாபம், நடுவில் கட்டட இடிபாடு சேர்ந்தால் இன்னும் லாபம், வார்டிலேயே உரமாக மாறிப் போகும் ஒவ்வொரு கிலோவும் நஷ்டம். அப்படி ஒரு கணக்கை வைத்துக்கொண்டு "பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும்" என்று சுவரில் எழுதி என்ன பயன்? சென்னையில் சில மண்டலங்களில் 2020 முதல் எடையை விட்டுவிட்டு வேலையின் தரத்தை அளந்து பணம் கொடுக்கும் ஒப்பந்தம் வந்தது, அது சரியான திசை. உங்கள் ஊர் ஒப்பந்தம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள்.

புணேயில் வேறு வழியில் போனார்கள். அங்கே குப்பை பொறுக்கிப் பிழைத்த பெண்கள் 1993-ல் சங்கம் அமைத்தார்கள், பிறகு அவர்களே உறுப்பினர்களாக இருக்கும் 'ஸ்வச்' கூட்டுறவு மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு வீடு வீடாக வாங்க ஆரம்பித்தது. ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு தொகை கொடுக்கிறது, காய்ந்த குப்பையை விற்ற காசும் அவர்களுக்கே. சோற்றில் ஊறிய அட்டையைப் பழைய பேப்பர் கடையில் யாரும் வாங்க மாட்டார்கள், காய்ந்த அட்டைக்குத்தான் விலை. பிரித்து வாங்குவது அவர்கள் வருமானம் என்று ஆகும்போது, பிரிக்கச் சொல்லித் தனியாக ஒரு மேஸ்திரி தேவைப்படவில்லை.

இன்னொன்று. நீங்கள் இருப்பது பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால், 2016-ம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்பு வளாகங்கள் ஈரக் குப்பையை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று சொல்லியிருந்தன. அப்படியிருந்தால் வண்டிக்காரரை விட்டுவிட்டு முதலில் உங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளரைப் பிடியுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். கொடுங்கையூரில் அதைச் செய்ய வந்தால் ஏன் எதிர்க்கிறார்கள்? நாம் எப்போதுதான் முன்னேறுவது? (கல்லூரி மாணவர், சென்னை)

தம்பி, முதலில் அறிவியலைப் பார்ப்போம், அரசியலை அப்புறம் பேசலாம். எரிய வேண்டுமென்றால் காய்ந்திருக்க வேண்டும். நனைந்த விறகை அடுப்பில் வைத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்கவே சுமார் 600 கிலோகலோரி செலவாகும். நம் குப்பையில் சாம்பார், காய்கறித் தோல், வாழையிலை, இளநீர்க் கூடு எல்லாம் கலந்து கிடக்கிறது, எரிவதில் வரும் வெப்பத்தில் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஓட்டவே போய்விடும்.

இது வெறும் ஊகமல்ல, பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். 1987-ல் டெல்லி திமர்பூரில் டென்மார்க் நாட்டு உதவியோடு நாளொன்றுக்கு 300 டன் எரிக்கும் உலை ஒன்றைக் கட்டினார்கள். எதிர்பார்த்த வெப்ப மதிப்பு அந்தக் குப்பையில் இல்லை, சில வாரங்களிலேயே நின்றுபோனது. 2016 விதிகளும் எரிசக்திக்குப் போக வேண்டிய குப்பை என்று சொன்னது கிலோவுக்கு 1,500 கிலோகலோரி அல்லது அதற்கு மேல் வெப்பம் தருகிற, மறுசுழற்சிக்கு உதவாத குப்பையைத்தான். அந்த மதிப்பு வர வேண்டுமென்றால் ஈரத்தைப் பிரித்தாக வேண்டும். பிரித்துவிட்டால் அட்டை, பாட்டில், இரும்பு எல்லாம் காசாகி வெளியே போய்விடும். மிச்சம் இருப்பது எரிக்கத் தகுந்ததுதான், ஆனால் அது ஒரு பெரிய உலையை வருடக்கணக்கில் ஓட்டும் அளவுக்கு இருக்காது. உலையோ இருபது, இருபத்தைந்து வருடத்துக்குப் போடும் முதலீடு. அதற்குத் தீனி குறையக் கூடாது என்று ஒப்பந்தம் எழுதிவிட்டால், குப்பையைக் குறைக்க வேண்டிய மாநகராட்சியே குப்பை குறையக் கூடாது என்று நினைக்க வேண்டி வரும். எனக்கு இதில்தான் பெரிய பயம்.

சிங்கப்பூர் எரித்துவிட்டு நிம்மதியாக இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சாம்பல் வருமே. அதைக் கொட்ட 1999-ல் இருந்து செமக்காவ் தீவைப் பயன்படுத்துகிறார்கள், அதுவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்பது அவர்களுடைய கணக்கு, அதனால் இப்போது குப்பையையே குறைக்கச் சொல்லி மக்களைக் கேட்கிறார்கள்.

இனி கொடுங்கையூர். பல பத்தாண்டுகளாகச் சென்னையின் வடபாதிக் குப்பையைத் தாங்கிய இடம் அது. பக்கத்தில் மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணூர் பக்கம் அனல் மின்நிலையங்கள். அந்தக் காற்றைச் சுவாசிக்கிற மக்கள் 2025-ல் எரிஉலை வேண்டாம் என்று தெருவில் நின்றபோது அவர்கள் முன்னேற்றத்தை எதிர்க்கவில்லை, தங்கள் பிள்ளைகளின் நெஞ்சுக்கூட்டைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள். நகரத்தின் மறுகோடியில் சாப்பிட்டவர்களின் எச்சில் எல்லாம் தங்கள் தலையில் ஏன் புகையாக இறங்க வேண்டும் என்று அவர்கள் கேட்பதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

குப்பையில் இருந்து எரிசக்தி வேண்டும் என்றால் ஈரக் குப்பையில் இருந்தே எடுக்கலாம், எரிக்காமல். இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறந்த ஆலை நாளுக்கு 550 டன் ஈரக் குப்பையைச் செரிக்க வைத்து வண்டி ஓட்ட உதவும் பயோ சிஎன்ஜி என்ற எரிவாயுவை எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. அங்கே வீட்டு வாசலிலேயே பிரித்து வாங்குகிறார்கள். அது இல்லாமல் அந்த ஆலையைத் தூக்கி வந்து இங்கே வைத்தாலும் பிளாஸ்டிக் பை சிக்கி நிற்கும்.

கேள்வி: மாடியில் வாளி வைத்து உரம் போட ஆரம்பித்தேன். இரண்டே வாரத்தில் நாற்றம், புழு. மாமியார் தூக்கிப் போடச் சொல்கிறார். (தஞ்சாவூர் வாசகி)

தூக்கிப் போட வேண்டாம், சரி செய்துவிடலாம். நாற்றம் என்றால் பெரும்பாலும் ஒரே காரணம்தான், ஈரம் அதிகமாகிக் காற்று போக வழி இல்லை. பெரிய கிடங்கில் நடக்கிற அதே அழுகல்தான் உங்கள் வாளியிலும் சின்ன அளவில் நடக்கிறது.

வாளியின் பக்கவாட்டிலும் அடியிலும் ஓட்டை இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கம்பியைக் காய்ச்சிப் போடுங்கள். உள்ளே இருப்பதை ஒரு சாக்கில் கொட்டி, காய்ந்த சருகையோ தென்னை நார்த்தூளையோ மரத்தூளையோ தாராளமாகச் சேர்த்துக் கிளறி, மறுபடி நிரப்புங்கள். இனிமேல் ஒரு கை சமையல் கழிவு போட்டால் அதே அளவுக்குக் காய்ந்த பொருள் மேலே விழ வேண்டும், இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கையில் எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது, அதுதான் பதம். வாரம் ஒருமுறை கிளறுங்கள். குழம்பு, ரசம் மிஞ்சியதை வடிகட்டிவிட்டுச் சக்கையை மட்டும் போடுங்கள். புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும், பழைய உரம் ஒரு பிடி இருந்தால் இன்னும் நல்லது. வாழையிலையை நறுக்காமல் போடாதீர்கள். தேங்காய்ச் சிரட்டை, முருங்கைக்காய்ச் சக்கை, மாங்கொட்டை எல்லாம் மக்க ரொம்ப நாள் எடுக்கும், தனியே வைத்துவிடுங்கள். மீன், கறிக் கழிவை ஆரம்பத்தில் தவிர்ப்பது நல்லது, கை பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புழுவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தடித்த, பழுப்பு நிறப் புழு என்றால் அது பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழு, ஈரக் கழிவைத் தின்று தீர்ப்பதில் அதை மிஞ்ச ஆள் இல்லை, ஒன்றும் செய்யாது. அருவருப்பாக இருந்தால் சருகை இன்னும் சேர்த்து வாளியைக் கொஞ்சம் காயவிடுங்கள், குறைந்துவிடும். ஒழுங்காகப் போனால் ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் மண்வாசனையோடு கருப்பான உரம் கிடைக்கும். அதை முதலில் மாமியாரின் துளசி மாடத்துக்குக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் தினமும் காலையில் சருகைக் கூட்டி, கூடவே கிடக்கும் கேரி பேக்கோடு கொளுத்திவிடுகிறார்கள். என்ன செய்வது? (சேலம் வாசகர்)

கொளுத்துபவருக்கு அதை ஏற்றிச் செல்ல வண்டியில் இடம் இல்லை, அதனால்தான் கொளுத்துகிறார். பிளாஸ்டிக் கலந்த புகை மிக மோசமானது, அதில் குழாய் செய்யப் பயன்படும் பிவிசி என்ற பிளாஸ்டிக் இருந்தால் டையாக்சின் என்ற நச்சும் வரும். ஆனால் மேலே தஞ்சாவூர் வாசகிக்கு என்ன பற்றாக்குறை? சருகுதான். தெருவில் நாலைந்து சாக்கு வாங்கி வைத்து, கூட்டுகிற அம்மாவிடம் சருகை மட்டும் அதில் போடச் சொல்லுங்கள். உரம் போடும் வீடுகளும் வார்டு உர மையமும் அதை எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் நகராட்சிக் குப்பை மேட்டில் பயோமைனிங் நடக்கிறது. இனி அந்த மேடு இருக்காது என்கிறார்கள். நம்பலாமா? (கடலூர் மாவட்ட வாசகர்)

பழைய மேடு போய்விடும், அது நடக்கக் கூடியதுதான். கும்பகோணம் கரிக்குளம் கிடங்கில் செய்தார்கள், பெருங்குடியிலும் பெரிய அளவில் செய்தார்கள். பழைய குப்பையைக் கிளறி, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, காயவைத்து, சுழலும் சல்லடையில் போட்டு மண், கல், இரும்பு, பிளாஸ்டிக் எனத் தனித்தனியாக எடுப்பதுதான் வேலை. எரியக் கூடிய பிளாஸ்டிக், துணி எல்லாம் அரியலூர் பக்கம் இருக்கும் சிமென்ட் ஆலைகளுக்குப் போகின்றன. சலித்து வரும் மண்ணைப் பார்த்தால் நல்ல உரம் போலத் தெரியும், ஆனால் அத்தனை வருடம் பேட்டரியும் டியூப்லைட்டும் கலந்து கிடந்த மண் அது, ஈயம் போன்ற கன உலோகங்கள் இருக்கலாம். பரிசோதனை அறிக்கையைப் பார்க்காமல் யாரும் வயலில் போட வேண்டாம், பள்ளம் நிரப்பப் பயன்படுத்துவதே நல்லது.

ஆனால் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. மேட்டின் ஒரு பக்கம் தோண்டுகிறார்கள் சரி, மறுபக்கம் இன்றைய லாரி வந்து கலந்த குப்பையைக் கொட்டுகிறதா? கொட்டினால் அடுத்த மேடு அங்கேயே எழும்பும், இன்னும் சில வருடத்தில் அதைத் தோண்ட மறுபடி டெண்டர் விடுவார்கள். இரண்டு முறை பணம் போகும், முதலில் ஏற்றிக் கொட்ட, பிறகு தோண்டி எடுக்க.

மேடு வளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொழும்புப் பக்கம் பாருங்கள். மீத்தொட்டமுல்லைக் குப்பை மேடு 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று சரிந்து வீடுகள் மேல் விழுந்தது, 32 பேர் இறந்தார்கள். மழைநீர் உள்ளே இறங்கி ஊறிய குப்பைக்குத் தன் எடையைத் தாங்கும் பலம் இருக்காது. அந்த மக்கள் மேடு ஆபத்தானது என்று அதற்கு முன்பே பலமுறை போராடியிருந்தார்கள்.

கேள்வி: சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு பாக்கெட்டை எல்லாம் கழுவிச் சேர்த்து வைத்தேன். பழைய பேப்பர் கடைக்காரர் வாங்க மாட்டேன் என்கிறார். (பள்ளி ஆசிரியை, விருதுநகர்)

அவர் வாங்க மாட்டார் டீச்சர். பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடொன்று ஒட்டிய பல அடுக்கு உறை அது, பிரித்து உருக்குவதற்கு ஆகும் செலவு அதன் விலையைவிட அதிகம். காயலான் கடை வரை போகாத பொருளுக்கு விற்ற நிறுவனமே பொறுப்பேற்க வேண்டும், 2022-ல் மத்திய அரசு அதற்கான வழிகாட்டு விதிகளையும் கொண்டுவந்தது. நடைமுறையில் இப்போதைக்கு அது சிமென்ட் உலைக்குத்தான் போகிறது. தார்ச்சாலையில் கலப்பதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது, 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், பிளாஸ்டிக்கைத் துருவி சூடான ஜல்லிக் கல்மேல் படியவைத்துப் பிறகு தார் ஊற்றுவது. நல்ல முறைதான், ஆனால் எல்லா வகைப் பிளாஸ்டிக்கும் அதற்கு ஆகாது, பிவிசி சேரவே கூடாது. கழுவிக் காயவைத்து உலர் குப்பையில் கொடுங்கள், அதுவரை உங்கள் வேலை. பள்ளிப் பிள்ளைகளிடம் வாங்குவதைக் குறைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாப்கின், டயப்பர், சர்க்கரை நோய்க்குப் போடும் ஊசி, உடைந்த கண்ணாடி, இதெல்லாம் மக்குமா மக்காதா, எந்த வாளி? (வேலூர் வாசகி)

இரண்டிலும் இல்லை, மூன்றாவதாக ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் இவற்றை நாம் எப்படிக் கொடுக்கிறோம் என்பது யாரோ ஒருவருடைய விரலைப் பொறுத்த விஷயம்.

குப்பை மேலாண்மையில் வேலை செய்யும் உங்கள் வேலூரைச் சேர்ந்த சீனிவாசன் பல வருடமாக வலியுறுத்துவது, அழுகுவதற்கு முன்பே குப்பையை வாங்கிவிட வேண்டும், ஒரு நாளுக்கு இரண்டு முறை வாங்கினால் இன்னும் நல்லது என்பது. அழுகாத, கலக்காத குப்பையைப் பிரிப்பவருக்கு அது சாதாரண வேலை. கலந்து, அழுகி, உள்ளே ஊசியோடு வந்தால் அதே வேலை ஒருவரை நோயாளி ஆக்கிவிடும். துப்புரவுத் தொழிலாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றி எழுதினோம், ஆனால் பல ஊர்களில் கையுறைகூட ஒழுங்காகக் கொடுப்பதில்லை. 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் தலைமை அலுவலகமான ரிப்பன் கட்டடத்துக்கு வெளியே நாள் கணக்கில் உட்கார்ந்து அவர்கள் கேட்டது வேலைப் பாதுகாப்பைத்தான், அதில் பெரும்பாலோர் பெண்கள். நம் வீட்டு நாப்கினை வெறும் கையால் பிரிக்கிற பெண்ணுக்கு நாளை வேலை இருக்குமா என்று தெரியாத நிலையை வைத்துக்கொண்டு எந்தத் திட்டமும் தேறாது என்பது என் உறுதியான கருத்து.

நாப்கினையும் டயப்பரையும் செய்தித்தாளில் சுற்றி மேலே சிவப்புப் பேனாவால் பெரிதாக ஒரு பொட்டு வையுங்கள். பெங்களூர், புணே ஊர்களில் பழக்கத்துக்கு வந்த அடையாளம் இது, பார்த்ததும் பிரிக்காமல் ஒதுக்கிவிடுவார்கள். நாப்கின் நிறுவனங்கள் சுற்றிப் போட உறை தர வேண்டும் என்று 2016 விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள், உறை இல்லாத பாக்கெட்டைக் கடையில் கேள்வி கேளுங்கள். உடைந்த கண்ணாடியை அட்டைப்பெட்டியில் வைத்துக் கட்டி மேலே "கண்ணாடி" என்று எழுதுங்கள். இன்சுலின் ஊசியை மூடி போட்டுக் கேரி பேக்கில் எறிவது போதாது, மூடி கழன்றுவிடும். பினாயில் பாட்டில் மாதிரி தடிமனான பாட்டில் ஒன்றில் போட்டு வாருங்கள், நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, உள்ளே ஊசி இருக்கிறது என்று வண்டிக்கு வருபவரிடம் வாய்விட்டுச் சொல்லிக் கையில் கொடுங்கள்.